பதினாறு பேர் படித்த வரி

கூகுளில் ‘மேட்டுப்பாளையம்’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பவானி ஆறு, பாக்குத் தோப்பு, ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயில் என்று கோவை மாவட்டத்து ஊர்தான் வரிசை கட்டி வரும். புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது, அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது, லாரி முனையம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் ‘புதுச்சேரி’யையும் சேர்த்துத் தேட வேண்டும். ஓர் ஊருக்கே இந்தக் கதி. ஒரே இனிஷியல், ஒரே பெயர் கொண்டவர்கள் தெருவுக்கு இருவர் உள்ள ஊர்களில் தனி மனிதர்களின் பாடு எப்படி இருக்கும்?

தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டைக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் வந்தால், இன்டர்வியூவுக்கு முந்தைய இரவே ஒருவர் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகிறார். மாப்பிள்ளை வீட்டார் தேடுகிறார்கள், பெண் வீட்டார் இன்னும் தீவிரமாகத் தேடுகிறார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவரும் சும்மா இருப்பதில்லை. முன்பெல்லாம் இந்த விசாரணை தெருமுனைப் பெட்டிக்கடையில் நடந்தது. “அந்தப் பையன் எப்படிங்க?” என்று கேட்டால், கடைக்காரர் நாலு நல்லதும் ஒரு குறையும் சொல்வார். கூகுளுக்கு அந்த நிதானம் கிடையாது. எந்தக் குறையை அதிகம் பேர் கிளிக் செய்தார்களோ அதை மேலே தூக்கி வைத்துவிடும்.

அப்படி ஒரு குறை, அதிகம் பேர் கிளிக் செய்ததாலேயே ஊதிப்பெருத்த கதை ஒன்று புதுச்சேரிக்குச் சொந்தமாகவே இருக்கிறது.

2012 அக்டோபர் மாதம். பிளாஸ்டிக் பேக்கிங் பொருள் தயாரிக்கும் சிறு தொழில்முனைவோர் ஒருவர், ஊழலுக்கு எதிரான இயக்கத்தில் ஆர்வம் கொண்டவர், ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அப்போது மத்திய நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றிய குற்றச்சாட்டு அது. அந்த வரியை இங்கே திரும்ப எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதியவரை ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தால் இரண்டு நடையில் ஏற்றிவிடலாம். அந்தப் பதினாறு பேரிலும் எத்தனை பேர் அன்று அதைப் படித்தார்களோ!

கார்த்தி சிதம்பரம் மின்னஞ்சல் மூலம் புதுச்சேரி காவல்துறைக்குப் புகார் அனுப்பினார். பொழுது விடிவதற்குள் போலீஸ் வீட்டுக்கு வந்து அந்தத் தொழில்முனைவோரைக் கைது செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. நிரூபணமானால் மூன்றாண்டு வரை சிறை. அன்றே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி நாடு முழுக்கப் பரவிவிட்டது. டி.வி. விவாதங்களில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். பதினாறு பேர் சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆனார்கள். அந்த வரியைப் பற்றிக் கேள்வியே பட்டிராத லட்சக்கணக்கானோர் காலை காபியோடு அதைப் படித்தார்கள்.

புகார் கொடுத்தவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பேச்சுரிமைக்கு நியாயமான வரம்புகள் உண்டு, அவதூறு என்று தோன்றினால் சட்டத்தின் உதவியை நாட தனக்கு உரிமை உண்டு என்பது அவருடைய வாதம். அந்த உரிமையில் தவறு காண முடியாது. ஒருவருடைய நற்பெயர், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் சொல்லியே இருக்கிறது. ஆனால் உரிமை இருப்பது வேறு, அதைக் கொண்டு காரியம் ஆவது வேறு. இந்த விஷயத்தில் காரியம் கெட்டது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கடலோரத்தில் இருக்கும் தன் வீடு தெரிகிற ஒரு விமானப் புகைப்படத்தை நீக்கச் சொல்லி 2003-ல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படத்தைப் பதிவிறக்கம் செய்தது ஆறு முறை; அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்கள் செய்தது! வழக்குச் செய்தி வெளியான பின் ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். வழக்கும் தள்ளுபடியானது. மறைக்கப் போய் ஊரைக் கூட்டுவதை ‘ஸ்ட்ரைசாண்ட் விளைவு’ என்கிறார்கள். நம் வீடுகளில் இதைச் சொல்ல அத்தனை நீளமான பெயர் வேண்டியதில்லை. கிளறாதே என்பார்கள், அவ்வளவுதான்.

புதுச்சேரி கைது நடந்து சில வாரங்களில் மகாராஷ்டிராவின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். ஒருவர் எழுதியவர், இன்னொருவர் ‘லைக்’ போட்டவர். டெல்லியைச் சேர்ந்த ஷ்ரேயா சிங்கல் என்ற மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எரிச்சலூட்டுவது, தொந்தரவு தருவது என்று யாருக்கும் அளவு தெரியாத சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதற்குப் பிறகும் சில ஊர்க் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகிக்கொண்டே இருந்தது. இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கும் யாராவது “66ஏ-ல உள்ள தள்ளிடுவேன்” என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவு உயிரோடு இல்லை.

அப்படியானால் இணையத்தில் யார் எதை எழுதினாலும் கேட்க ஆளில்லையா? இருக்கிறது. ஆனால் கதவுகள் வேறு வேறு. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைவதில்தான் பலரும் முதல் பத்து நாட்களைத் தொலைக்கிறார்கள்.

பொய்யான ஒரு செய்தியை எழுதி மானத்தைக் கெடுத்தால் அது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் இதற்காகக் காவல் நிலையம் போனால் “கோர்ட்டுக்குப் போங்க” என்றுதான் பதில் வரும். அது அலட்சியமில்லை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றமாக அவதூறை நம் சட்டம் வைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாக முறையிட வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதென்றால் காலக்கெடு ஒரு வருடம்தான். பங்காளிச் சண்டை தீரட்டும், தம்பி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு அந்த ஒரு வருடத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

உங்கள் பெயரில், உங்கள் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்தால் கதை வேறு. ஒருவருடைய அடையாளத்தைத் திருடினால் ஐ.டி. சட்டத்தின் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை. அந்தரங்கப் படத்தை எடுத்தாலோ பரப்பினாலோ 66இ. ஆபாசமாகப் பரப்பினால் 67, 67ஏ. இவற்றுக்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று கேட்டு அடுத்த ஸ்டேஷனுக்குத் துரத்தவும் முடியாது. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிக்கொண்டு, பிறகு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே இப்போதைய சட்டம். ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்கள் ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. போலிக் கணக்கு உங்கள் பெயரைச் சொல்லி யாரிடமாவது பணம் பறித்துவிட்டால், ஏமாந்தவர் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறாரோ, பணம் கைமாறாமல் நிறுத்தப்பட அவ்வளவு வாய்ப்பு.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடிப் பெருமை உண்டு. பலருக்குத் தெரியாது.

2004 பிப்ரவரி. ஃபேஸ்புக் அப்போதுதான் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பிறந்திருந்த நேரம். சென்னையில் விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசமான செய்திகள் வந்தன. அவர் பெயரிலேயே போலியாக மின்னஞ்சல் முகவரி தொடங்கி, அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தார்கள். வேளை கெட்ட வேளையில் முகம் தெரியாத ஆண்களின் அழைப்புகள். அவர் ஒடுங்கிப்போகவில்லை; புகார் கொடுத்தார். சென்னை சைபர் கிரைம் போலீஸ் தடம் பிடித்து, சில நாட்களில் மும்பையில் ஒருவரைக் கைது செய்தது. வேற்று ஆளில்லை, குடும்ப நண்பர். அந்தப் பெண்ணை மணக்க விரும்பி, மறுக்கப்பட்டவர்.

வழக்கு எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. இதைச் செய்தது முன்னாள் கணவராக இருக்கலாம், ஏன், புகார் கொடுத்த பெண்ணே கூட அனுப்பியிருக்கலாம் என்றெல்லாம் எதிர்த்தரப்பில் வாதாடினார்கள். எல்லாக் காலத்திலும் வருகிற வாதம்தான் அது. அதைத் தோற்கடித்தவை இரண்டு. ஒன்று, அந்தக் கம்ப்யூட்டரில் அந்த ஆள் வந்து உட்கார்ந்தார் என்று சொன்ன பிரவுசிங் சென்டர் உரிமையாளர்களின் சாட்சியம். இன்னொன்று, யாஹூ பக்கத்தை அப்படியே எடுத்து, சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றளித்து நீதிமன்றத்தில் வைத்த நிபுணரின் வேலை. 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு. இரண்டாண்டு கடுங்காவல். ஐ.டி. சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை இது என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டு ஏழே மாதத்தில் முடிந்த வழக்கு என்பது அதைவிட ஆச்சரியம்.

அந்த 65பி இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறினாலும் சங்கதி அதேதான். பாதிக்கப்பட்டவர் பதற்றத்தில் செய்கிற முதல் காரியம் எதுவென்றால், அந்த மெசேஜை அழிப்பது. அம்மா பார்த்துவிடுவாள், கணவர் பார்த்துவிடுவார் என்ற பயம். அழித்தால் சாட்சியும் சேர்ந்து போகும். முதலில் ஸ்கிரீன்ஷாட். அதில் தேதியும் நேரமும், எழுதியவரின் கணக்குப் பெயரும் தெரிய வேண்டும். கணக்கின் பெயரை அவர் நாளையே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்தப் பக்கத்தின் முகவரியை, அதாவது லிங்க்கை, தனியாகக் காப்பி செய்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் என்றால் அந்த உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. போனை ரீசெட் செய்வது, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடுவது இரண்டும் வழக்கு முடியும் வரை கூடாது. இத்தனைக்கும் பிறகுதான் ரிப்போர்ட், பிளாக் எல்லாம்.

நீக்கச் சொல்லி அந்தத் தளத்திடம் கேட்பதற்கும் விதி இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஐ.டி. விதிகளின்படி, பெரிய சமூக வலைதளம் ஒவ்வொன்றும் இந்தியாவில் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அந்தரங்கப் படம், முகத்தை ஒட்டவைத்த படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று அந்த விதிகள் கெடு வைத்தன. ஊர் முழுக்க ஆயிரம் பேர் ரிப்போர்ட் அடிப்பதைவிட, சம்பந்தப்பட்டவர் தன் அடையாளச் சான்றோடு எழுதும் ஒரு புகாருக்கு வலு அதிகம். அதிகாரியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், வக்கீல் தேவையில்லை.

படத்தைக் காட்டி மிரட்டுகிற கும்பலிடம் சிக்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேவை, ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற தளம். 2021 டிசம்பரில் தொடங்கியது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. படம் உங்கள் போனிலேயே இருக்கும். கைரேகை போல அதற்கு ஓர் எண்கோவை மட்டும் உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய நிறுவனங்களுக்குப் போகும். அதே ரேகையுள்ள படத்தை யாராவது ஏற்ற முயன்றால் தளம் அடையாளம் கண்டு தடுக்கும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கானது இது. சிறுவர், சிறுமியருக்கு ‘டேக் இட் டவுன்’ என்று இதே போன்ற வேறொரு சேவை இருக்கிறது. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவான் என்று நினைக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பதுதான் அவன் தொழில்.

இங்கே ஒரு பழைய புதுச்சேரிக் கதையைச் சொல்லலாம். பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் பிரெஞ்சு ஆட்சியில் அடைக்கலம் புகுந்திருந்த காலம். ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி வந்தது. உள்ளே காளி படமும், ஆயுதப் புரட்சிக்கு அழைக்கும் துண்டுப் பிரசுரங்களும். பிரிட்டிஷ் உளவாளிகளின் கைவேலை. அடுத்து சோதனை வரும், ஜாடி ‘கண்டுபிடிக்கப்படும்’, சுதேசிகள் மாட்டிக்கொள்வார்கள் என்பது திட்டம். வேறொருவராக இருந்தால் இருட்டிய பிறகு கடலில் எறிந்திருப்பார். பாரதி சொன்ன யோசனை வேறு: நாமே எடுத்துக்கொண்டு போய் பிரெஞ்சு போலீசிடம் கொடுத்துவிடலாம். கொடுத்தார்கள். சதி பிசுபிசுத்துப்போனது.

போலிக் கணக்கு விஷயத்தில் அந்த யோசனை அப்படியே செல்லும். உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்தது தெரிந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்கள் உண்மையான கணக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் குடும்பக் குழுவிலும் சொல்லிவிடுங்கள். “என் பெயரில் ஒரு போலிக் கணக்கு உலவுகிறது, பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், புகார் கொடுத்துவிட்டேன்.” இவ்வளவு போதும். யார் செய்திருப்பார்கள் என்ற ஊகத்தை மட்டும் எழுத வேண்டாம். ஊகம் தப்பென்றால் அவதூறு வழக்கில் எதிரியாக நிற்பது நீங்களாகிவிடுவீர்கள்.

அடுத்தவர் எழுதுவதால் கெடுகிற பெயரைப் போலவே, நாமே கெடுத்துக்கொள்ளும் பெயரும் உண்டு. பெரும்பாலும் ஃபார்வர்ட் வழியாக. நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கு தமிழர்களுக்கு மறந்திருக்காது. 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதிய இழிவான பதிவை அவர் தன் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பது அவர் விளக்கம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு. கையில் இருக்கும் வரைதான் அது அனுப்புகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்கும், போன பிறகு ஏற்படும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்றார். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘வந்ததை அனுப்பினேன்’ என்று கீழே எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிற மாமாக்கள் எல்லாக் குடும்பக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தியை ஃபார்வர்ட் செய்யலாம்.

குழுவின் அட்மினாக இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதையே சொன்னது. கூட்டுச் சதி இருந்தால் கதை வேறு.

இதுவரை பொய்யைப் பற்றிய பேச்சு. உண்மையே உறுத்தினால்? ஒருவர் மீது எப்போதோ ஒரு வழக்கு. நீதிமன்றம் நிரபராதி என்று விடுவித்துவிட்டது. ஆனால் அவர் பெயரைத் தேடினால் குற்றச்சாட்டு முழுவதும் விலாவாரியாக வருகிறது. தமிழ்நாட்டு இளைஞர் ஒருவருக்கு நேர்ந்தது இது. பாலியல் குற்றச்சாட்டில் கீழ் நீதிமன்றம் தண்டித்து, 2014-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனவர். தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, இதற்குத் தெளிவான சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்கவும், இணையத்தில் தீர்ப்புகளை வெளியிடும் ‘இந்தியன் கானூன்’ தளம் அந்தத் தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை எப்படி அழிப்பது என்ற கேள்வி எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு. வரதட்சணை வழக்கில் தண்டனை பெற்றவரின் பெயர் தெரிய வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர் நினைப்பார். விடுதலை ஆனவரின் அம்மா வேறு மாதிரி நினைப்பார்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு 2014 மே 13 அன்றே ஒரு பதில் கிடைத்தது. பழைய கடனுக்காகத் தன் வீடு ஏலத்துக்கு வந்த 1998-ம் ஆண்டு நாளிதழ் அறிவிப்பு கூகுளில் வருகிறதே என்று ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர் போட்ட வழக்கு அது. காலாவதியான, பொருத்தமற்ற தகவலை ஒருவருடைய பெயரில் தேடும்போது காட்டக் கூடாது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பழைய கடனை உலகம் மறக்க வேண்டும் என்று கேட்டவரை, அந்தக் கடனுக்காகவே இன்று உலகத்துச் சட்டக் கல்லூரிகள் எல்லாம் நினைவு வைத்திருக்கின்றன என்பது தனிச் சோகம்.

பாரிஸில் சொந்தபந்தம் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பிரான்சில் வசிக்கும் ஒருவர் தன் பழைய செய்தியைத் தேடலிலிருந்து நீக்க கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். நீக்கவும் செய்வார்கள். ஆனால் அதை உலகம் முழுவதும் நீக்க வேண்டிய கட்டாயம் கூகுளுக்கு இல்லை, ஐரோப்பிய நாடுகளில் நீக்கினால் போதும் என்று 2019 செப்டம்பரில் அதே நீதிமன்றம், பிரெஞ்சு தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு எதிரான வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, பாரிஸில் மருமகன் தேடினால் வராத செய்தி, முத்தியால்பேட்டையில் மாமனார் தேடினால் வந்து நிற்கும்!

நம் நாட்டில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நீங்கள் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. பத்திரிகைச் செய்தியை அழிக்க அது உதவும் என்று நம்பி உட்கார வேண்டாம். அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையிடமே விடுதலைத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, செய்தியின் தலையில் “இவர் விடுதலை செய்யப்பட்டார்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பது செலவில்லாத வழி. கண்ணியமான ஆசிரியர்கள் செய்து கொடுப்பார்கள். கூகுளில் உங்கள் போன் எண்ணோ வீட்டு முகவரியோ வருகிறது என்றால், அதை நீக்கச் சொல்லிக் கேட்க கூகுளிலேயே படிவம் இருக்கிறது.

தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் மேப்பில் யாரோ ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டிவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்குவதில்லை. பதிலுக்குத் திட்ட வேண்டாம். ஒரே ஒரு முறை, மரியாதையாக, என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் திட்டியவர் அல்லர், நாளைக்கு வரப்போகும் வாடிக்கையாளர். கடைக்கே வராத ஆள் எழுதியது என்றால் கூகுளிடம் கொடி பிடிக்கலாம். ஐநூறு ரூபாய்க்கு ஐம்பது ஐந்து நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஆளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். எல்லா ரிவ்யூவும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி மொழியில் வந்திருப்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, எதிர்க்கடைக்காரருக்கே தெரிந்துவிடும்.

இனி ஒரு பழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரவுசரை இன்காக்னிட்டோவில் திறந்து உங்கள் பெயரைத் தேடுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, ஊர்ப் பெயரோடு ஒரு முறை, போன் எண்ணை மட்டும் போட்டு ஒரு முறை. பெயர் ஒற்றுமையால் வேறு ஒருவரின் வில்லங்கம் உங்கள் தலையில் விழுவதாகத் தெரிந்தால், படம், தொழில், ஊர் மூன்றும் தெளிவாக இருக்கும் ஒரு பொதுவான பக்கத்தை, லிங்க்டுஇன் போல ஏதாவது ஒன்றில், நீங்களே தொடங்கி வைத்துவிடுங்கள். தேடுகிறவருக்கு ஆள் வேறு என்று புரிந்துவிடும். ஃபேஸ்புக்கில் ப்ரொஃபைலைப் பூட்டி வைக்கும் வசதி 2020-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. வீட்டில் பெண் பிள்ளைகளின் கணக்குக்கு மட்டும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்பா தன் கணக்கில் மகளின் பள்ளிச் சீருடை படத்தை ஊருக்கெல்லாம் திறந்து வைத்திருப்பதும் நடக்கிறது.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று: பழைய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் துண்டித்து, 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஃபேஸ்புக், ஜிமெயில், வங்கிக் கணக்கு எதிலாவது அந்தப் பழைய எண் இன்னும் இருந்தால், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒரு பட்டனைத் தட்டினாலே ஓ.டி.பி. அந்தப் புது ஆளின் கைக்குப் போகும். எண்ணைக் கைவிடுவதற்கு முன் ஒவ்வொரு கணக்காகப் போய் அதை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.